துளையைத் தொடுவதற்கு முன்னால் தோட்டாவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஷாட்கன் போட்டிகள் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட், ட்ராப் போட்டிகளைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் படிக்கக் கிடைப்பதே அபூர்வம். ஆனால் ஓரத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த யோசனை ஒன்றைப் படித்ததும் பகீரென்றது. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ துப்பாக்கி போட்டியின் நடுவில் அடைத்துக்கொண்டால், குழலில் உள்ள வாயுத்துளையைக் 'கொஞ்சம்' பெரிதாக்கிக்கொள்ளலாமாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு? யார் துளைப்பது? அதெல்லாம் எதுவும் இல்லை.

நான் நிபுணன் இல்லை. டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாகச் சனிக்கிழமை காலைகளில் ஸ்கீட் சுடுகிறேன். கையில் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய ரெமிங்டன் 1100 என்ற செமி ஆட்டோ. 1963இல் சந்தைக்கு வந்த மாடல் அது. என்னுடையதுக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. அதை ஓட வைக்க நான் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

இந்த வகைத் துப்பாக்கியில் சுட்டவுடன் குழலுக்குள் இருக்கும் வாயுவில் ஒரு பங்கு, அடிப்பக்கத்துச் சிறு துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளும். அது குழலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டைத் திறந்து காலி உறையை வெளியே எறியும். பின்னால் போன போல்ட்டை ஸ்பிரிங் முன்னே தள்ள, அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். இதில் வாயு குறைந்தால் போல்ட் பாதி வழியில் திரும்பிவிடும். காலி உறை வாசலிலேயே நட்டுக்கொண்டு நிற்கும். உடனே எல்லாரும் துளைமேல் பழி போடுகிறார்கள்.

வாயு குறைவதற்குத் துளையைவிட எளிய காரணங்கள் உண்டு. 1100இல் பிஸ்டனுக்கு முன்னால் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. வீட்டில் குக்கர் கேஸ்கட் தேய்ந்தால் என்ன ஆகும்? ஆவி ஓரத்தில் கசியும், விசில் வராது. இங்கேயும் அதே கதைதான். வளையம் விரிசல் விட்டிருந்தால் வாயு பிஸ்டனைத் தள்ளாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். சில டாலர் சாமான். பையில் எப்போதும் நாலு வைத்திருக்கிறேன். விசில் வராத குக்கரை யாராவது டிரில் போட்டுத் துளைப்பார்களா?

அடுத்தது தோட்டா. பெரும்பாலான தகராறு இங்கேதான். அமெரிக்க ஸ்கீட்டில் ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் என்றெல்லாம் குழப்பாமல் கிராமிலேயே சொல்கிறேன்: ஒரு தோட்டாவில் சுமார் 32 கிராம் ரவைக் குண்டுகள் வரைக்கும் போடலாம். ஒலிம்பிக் விதியில் 24 கிராம்தான். 32 கிராமை மனதில் வைத்துச் செய்த துப்பாக்கியில் 24 கிராம் தோட்டாவைப் போட்டால் போல்ட் சோம்பல்படுவது இயல்பு. இன்னொரு கூத்தும் உண்டு. பலமான தோட்டாவுக்கென்று செய்த மேக்னம் குழலுக்கு அதிக வாயு தேவையில்லை என்பதால் அதில் வாயுவழியைக் குறைத்தே வைத்திருப்பார்கள். பழைய துப்பாக்கியை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியவர், அதில் இருப்பது மேக்னம் குழல் என்று தெரியாமல் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். எங்கள் கிளப்பிலேயே இப்படி ஒருவரைப் பார்த்தேன். குழலை மாற்றினார், பிரச்சினை தீர்ந்தது.

மலிவுத் தோட்டாவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடியில் பித்தளைபோல மினுக்கும் தொப்பியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது பூச்சு போட்ட எஃகு. சுட்டதும் விரியும் எஃகு, பித்தளை அளவுக்குச் சுருங்காது. தோட்டா உட்காரும் சேம்பரில் பிளாஸ்டிக் படிவமோ லேசான துருவோ இருந்தால் உறை அங்கேயே பிடித்துக்கொள்ளும். வெண்கலப் பிரஷ்ஷால் சேம்பரை நன்றாகத் தேய்த்துத் துடைத்தாலே பாதிப் பேருக்கு நோய் தீர்ந்துவிடும்.

இப்போது என் கதை. வாங்கிய புதிதில் பாசம் அதிகம். ஒவ்வொரு வாரமும் தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல எண்ணெய் ஊற்றி, குழல் மேலே பார்க்க அலமாரியில் நிறுத்தி வைப்பேன். ஜனவரியில் ஒரு குளிர்ந்த காலை. போட்டியில் முதல் ஜோடித் தட்டுகளிலேயே அடைத்தது. எடுத்துச் சரிசெய்தேன், மறுபடி அடைத்தது. தோட்டா மாற்றினேன், ரப்பர் வளையம் மாற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. கிளப்பில் ஒரு கிழவர் போல்ட்டைப் பின்னால் இழுத்து விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். 'டக்' என்று கேட்க வேண்டியது 'ட்ர்ர்...டக்' என்று கேட்டது. தோளில் வைக்கும் கட்டையின் பின்தகட்டைக் கழற்றச் சொன்னார்.

இந்த மாடலில் போல்ட்டை முன்னே தள்ளும் ஸ்பிரிங் கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கிறது. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் ஊற்றிய எண்ணெயெல்லாம் இறங்கி, கரியோடும் தூசியோடும் சேர்ந்து, அந்த ஸ்பிரிங்கைச் சுற்றிப் புளிக்குழம்பின் அடிவண்டல்போலத் தங்கியிருந்தது. கழுவி, காயவைத்து, துணியில் ஒற்றிய எண்ணெயை மட்டும் தடவினேன். புது ஸ்பிரிங்கோடு வைத்துப் பார்த்ததில் பழையது இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது, அதையும் மாற்றினேன். துப்பாக்கி மேல் எந்தக் குற்றமும் இல்லை. அன்றிலிருந்து குழல் கீழே பார்க்கத்தான் நிற்கிறது.

அப்புறம் சோதிக்கும் முறை. ஐந்து வகைத் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, இரண்டிரண்டாக ஏற்றி, இரண்டாவது தானாக ஏறுகிறதா என்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன். காலி உறை விழும் இடத்தையும் கவனித்தேன். ஒத்துக்கொண்ட தோட்டா ஐந்தாறு அடி தள்ளி ஏறக்குறைய ஒரே இடத்தில் உறைகளைக் குவித்தது. ஒத்துவராதது காலடியில் தொப்பென்று போட்டது. ஒத்துவந்த வகையிலேயே நூறு தோட்டா ஒரு தடையும் இல்லாமல் ஓடிய பிறகுதான் அதைப் போட்டிக்கு எடுத்துப் போனேன்.

பெனெல்லி கம்பெனித் துப்பாக்கிபோல வாயுவே இல்லாத, உதைப்பின் விசையில் ஓடும் வகை வேறு கதை. துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் அதன் போல்ட் திறக்கும். நீண்ட மேகசின் குழாய், பக்கவாட்டில் தோட்டாப் பட்டை என்று எடையை ஏற்றிவிட்டு லேசான தோட்டா போட்டால் திணறும். அதில் போல்ட்டை மெதுவாகக் கையால் மூடினால் முழுசாகப் பூட்டாமல் நின்றுவிடுவதும் உண்டு. விசையை இழுத்தால் வெறும் 'க்ளிக்'. அதுவும் மூன்று வகைத் துப்பாக்கியால் சுட, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் த்ரீ-கன் போட்டியில்!

தோட்டாவுக்கேற்பத் துப்பாக்கியை அமைப்பது ஒன்றும் புதுசில்லை. அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 1900இல் காப்புரிமை பெற்ற ஆட்டோ-5 என்ற செமி ஆட்டோவில், பலமான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, லேசானதுக்கு வேறு மாதிரி என்று உராய்வு வளையத்தை மாற்றி வைக்க வேண்டும். அந்த வளையத்தைத் திரும்பக் கழற்றி மாட்டலாம். பெரிதாக்கிய துளையைச் சின்னதாக்க முடியாது. அதற்குப் பிறகு பலமான தோட்டா போட்டால் போல்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னால் போய் மோதித் துப்பாக்கியின் உடம்பையே தேய்த்துவிடும்.

சட்டத்தையும் உங்கள் கட்டுரையாளர் மறந்துவிட்டார். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமம் கேட்கிறது. வீட்டு மாடியில் டிரில்லோடு உட்காருகிற வாசகருக்கு வருவது பதக்கம் அல்ல, போலீஸ். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும்.

திருத்தம் போடும்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முதல் படத்துக்குக் கீழே 'செமி ஆட்டோவுடன் வீரர்' என்று எழுதியிருக்கிறீர்கள். செமி ஆட்டோவுக்குக் குழல் ஒன்றுதான்; அவர் கையில் இருப்பதில் மேலும் கீழுமாக இரண்டு குழல் இருக்கிறது.

இப்படிக்கு,
சான் அன்டோனியோ வாசகர்