பெருக்க மரத்தடியில் கதிரை போட்டவர்களுக்கு

மன்னார் பள்ளிமுனைச் சனத்துக்கும், வழியில் எங்களை ஏற்றிவந்த லொறிக்காரத் தம்பிக்கும் வணக்கம்.

போன மாதம் திருச்சியிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்து பெருக்க மரத்தடியில் (வெளியே பாவோபாப் என்பார்கள்) அழுதுகொண்டு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மகள்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா 1990இல் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமன்னாரில் படகேறி இராமேசுவரம் வந்தவர். மண்டபம் முகாம், பிறகு திருச்சி. ஊரைப் பற்றிக் கேட்டால் வீட்டைச் சொல்ல மாட்டார், மரத்தைத்தான் சொல்வார். அதுவும் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

பலாலி விமான நிலையத்தில் இறங்கிப் பூநகரி வழியாக வரும்போது இலுப்பைக்கடவைக்குக் கிட்ட நாங்கள் வந்த வான் வண்டி நின்றுவிட்டது. கொளுத்தும் வெயில். தம்பி, உங்களுக்குச் சந்தைக்குப் போகும் அவசரம். இருந்தும் அம்மாவை முன்னால் ஏற்றி, பள்ளிமுனையிலேயே இறக்கிவிட்டு, காசும் வாங்காமல் போய்விட்டீர்கள். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம், மரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது என்று நடையிலேயே கண்டுபிடித்து, கேட்காமலே கதிரை கொண்டுவந்து போட்டீர்கள். பின்னாலேயே தேத்தண்ணியும் வந்தது. உயரம் ஏழரை மீட்டர்தான், ஆனால் சுற்றளவு 19.5 மீட்டர் என்று உங்கள் மகன் சொன்னதும் அம்மா சிரித்தார். அவர் காலத்தில் பிள்ளைக் கணக்குத்தானாம்: பதினாறு பிள்ளைகள் கைகோத்தால் ஒரு சுற்று. உடனே தெருவில் விளையாடிய பெடியளைக் கூப்பிட்டீர்கள். என்னோடு பதின்மூன்று பேர். கன்னத்தை மரத்தில் ஒட்டிக்கொண்டு கைகோத்தோம். கொஞ்சம் இடம் மிஞ்சியது. அம்மா கதிரையை அங்கே இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் கையை நீட்டினார்.

கோயிலுக்குப் போகும் வழியில் நின்று பேசிய ஐயாவுக்கும் நன்றி. அராபிய வணிகர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மரம், ஒட்டகத்துக்கு இலை போடுவார்களாம் என்று பெரியவர்கள் சொன்னதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். மழையில் அடிமரம் தண்ணீரைச் சேர்த்துவைக்கும், வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும் என்றீர்கள். இரவில் பூக்கும் வெள்ளைப் பூவுக்கு வௌவால் வரும் என்றதும் அம்மா உங்களை முந்திக்கொண்டு அந்தப் பூவின் வாடையைச் சொல்லத் தொடங்கினார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் உடைத்துக் கொடுத்த காயின் புளிப்புச் சதையைச் சீனி தொட்டுச் சாப்பிட்டு, விரலையும் சூப்பினார்.

எத்தனையோ சண்டையும் இடப்பெயர்வும் கண்ட ஊர். அதற்குள்ளும் இந்த மரத்தில் கை வைக்காமல் விட்ட ஒவ்வொருவருக்கும், திரும்பி வந்து அதன் நிழலில் குடியிருக்கிற உங்களுக்கும் எங்கள் வீட்டாரின் நன்றி.

அக்கா, அந்தக் கதிரையை எடுத்து வையுங்கள். தை மாதம் என் தம்பியின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வருகிறோம். பெடியளையும் வரச் சொல்லுங்கள். அம்மா இப்போதே எண்ணிவிட்டார், சரியாகப் பதினாறு பேர்.