வடிகால் குழாய்க்கு ஏன் இவ்வளவு பில்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள படகு உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு ஓய்வு. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் படகு பழுதுபார்க்கும் எங்கள் பட்டறைக்கு அதுதான் அறுவடைக் காலம். எஞ்சின் வேலை, அடிப்பகுதிக்கு வண்ணம், புரொப்பெல்லர் என்று பட்டியலோடு வருகிறீர்கள். அதில் வடிகால் குழாய் இருப்பதில்லை. நாங்களாகப் பார்த்துச் சேர்த்தால், "ரப்பர் குழாய்க்கு இவ்வளவா?" என்று முகம் சுளிக்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். ஆளாளுக்கு நின்று விளக்க நேரம் இல்லாததால் எழுதுகிறோம்.

மேல்தளத்துத் தண்ணீரை வெளியே விடும் குழாய், தொட்டித் தண்ணீர் போகும் குழாய், அடியில் தேங்குவதை இறைக்கும் பம்பின் வெளிக்குழாய் ஆகியவற்றைத்தான் இங்கே சொல்கிறோம். இவை எல்லாமே படகின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு துளையில் போய் முடிகின்றன. குழாய் ஒழுங்காக இருக்கும்வரை அந்தத் துளை வடிகால். குழாய் கழன்றால் கடல் உள்ளே வர அதுவே வாசல்.

கணக்கு இது. ஒன்றரை அங்குலத் துளை, நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருந்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் ஆறு டன். மணிக்கு 1100 கேலன் என்று அச்சிட்ட பம்பு, தண்ணீரை மேலே தூக்க வேண்டியதே இல்லை என்றாலும், நிமிடத்துக்கு 70 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் தள்ளும். தூக்க வேண்டிய உயரம் கூடக்கூட அதுவும் குறையும். பாட்டரி தீர்ந்தால் அதோடு சரி.

"என் படகில் துளை எல்லாம் நீர்மட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது" என்பார்கள் சிலர். கட்டிய ஆண்டில் இருந்திருக்கும். அதன்பின் பெரிய எஞ்சின் ஏறியது, டீசல் டேங்க் ஒன்று கூடியது, மரத்தின் மேல் ஃபைபர் பூச்சு இரண்டு முறை ஏறியது, மரமும் தண்ணீர் குடித்தது. பழைய படகு ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டுதான் வரும். ஐஸும் டீசலும் முழுக்க ஏற்றிய அன்று, ஆள்களும் ஏறி நிற்கும்போது பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். துளை தண்ணீருக்குள் முங்கியிருந்தால் அந்தக் குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள குழாயாகத்தான் நடத்துவோம். பில்லும் அப்படியே வரும்.

மழையையும் மறக்க வேண்டாம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். 20 சதுர மீட்டர் தளத்தில் அந்த மழை விழுந்தால் எட்டாயிரம் லிட்டருக்கு மேல். குழாய் நன்றாக இருந்தால் அவ்வளவும் கடலுக்குப் போகும். தளத்துக்கு அடியில் குழாய் வெடித்திருந்தால் அது படகுக்குள் இறங்கும். அத்தகைய நாளில் படகுகள் நங்கூரத்தில் ஆளில்லாமல்தான் கிடக்கின்றன.

குழாய் போய்விட்டதா என்பதை நீங்களே பார்க்கலாம். குழாய் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புக்கு இரண்டு விரல் தள்ளிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல ரப்பர் உடனே எழும்பும். கெட்டது அப்பளம்போல உள்ளே நொறுங்கும், அல்லது அழுத்திய குழி அப்படியே நிற்கும். வெளியே துரு நிறத்தில் கறை தெரிந்தால் உள்ளே இருக்கும் கம்பிவரை உப்புத் தண்ணீர் போய்விட்டது என்று பொருள். மேலே பளபளப்பாக இருந்து உள்தோல் உரிந்து நாக்குப்போல் தொங்கும் குழாய்களும் உண்டு. அந்த நாக்கில் செதிலும் வலை நூலும் சிக்கும். தளத்தில் தண்ணீர் வடியாமல் நிற்கும். பலர் கம்பி விட்டுக் குத்துகிறார்கள். தயவுசெய்து குத்தாதீர்கள், இருக்கிற தோலும் கிழியும்.

கிளிப் விஷயத்தில்தான் எங்களுக்கு அதிகச் சண்டை. கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கம் வெள்ளியாக மின்னும். குனிந்து கைவிட்டு அடிப்பக்கத்தைத் தடவினால் தூள் உதிரும். திருகு உட்காரும் கூட்டுக்குள் உப்புத் தண்ணீர் தேங்குவதால் பட்டை அந்த இடத்தில்தான் முதலில் அரிக்கிறது. ஸ்குரூடிரைவரை அரைச் சுற்றுத் திருப்பியதும் இரண்டாகக் கையோடு வந்துவிடும். கடைத்தெருவில் மலிவாகக் கிடைப்பதில் பட்டை மட்டும்தான் ஸ்டெயின்லெஸ், திருகு சாதாரண இரும்பு. ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் போதும்: பட்டையை விட்டுவிட்டுத் திருகில் மட்டும் பிடிக்கும். நாங்கள் போடுவது பட்டை, கூடு, திருகு மூன்றும் உப்புத் தண்ணீரைத் தாங்கும் 316 வகை ஸ்டெயின்லெஸ். நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், திருகுகள் எதிரெதிர்ப் பக்கம். குழாயை ஏற்றி மாட்டும் முனையான நிப்பிள் இரண்டு கிளிப்பைத் தாங்கும் நீளம் இல்லையென்றால் நிப்பிளையும் மாற்றுவோம். நுனியில் தொங்கும் இரண்டாவது கிளிப் குழாயை அறுப்பதற்குத்தான் உதவும்.

அடுத்து, வயலில் மோட்டாருக்குப் போடும் பச்சைக் குழாய். வீட்டில் மிச்சம் கிடக்கிறது என்று வெட்டி எடுத்து வருகிறீர்கள். வயலுக்கு நல்ல சாமான்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் சுற்றியிருக்கும் கெட்டியான வரிமேல் கிளிப் படிந்து இறுகாது. வரிக்கு வரி நடுவே தண்ணீர் கசியும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூபும் அப்படியே: எஞ்சின் அறைச் சூட்டில் இளகி, வளைவில் மடங்கி அடைத்துக்கொள்ளும். இவை இரண்டையும் நீர்மட்டத்துக்குக் கீழே மாட்டித் தர மாட்டோம். துணியும் கம்பியும் வைத்து வார்த்த, உள்பக்கம் வழவழப்பான, கடல் உபயோகத்துக்கான ரப்பர் ஹோஸ் மட்டுமே போடுவோம்.

துளையை மூடித் திறக்கும் வால்வைத் திருப்பிப் பார்த்து எத்தனை நாளாயிற்று? பித்தளை கேட் வால்வு உப்புத் தண்ணீரில் கிடந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் பஞ்சாக மிஞ்சும். கத்தியால் சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்புத் தெரிந்தால் அதைத் தொடவே அஞ்ச வேண்டும். அத்தகைய வால்வில் புதுக் குழாய் மாட்டச் சொன்னால் வேலையை எடுக்க மாட்டோம்.

கூலி ஏன் கூடுகிறது என்றால், பழைய குழாயைக் கழற்றுவதில்தான் நேரம் போகிறது. பிடித்து முறுக்கி இழுத்தால் நிப்பிள் அடியோடு ஆடிவிடும். நீளவாக்கில் கீறி உரித்தெடுக்க வேண்டும். கத்தி நிப்பிளில் பட்டுக் கீறல் விழுந்தால் புதுக் குழாயும் அங்கேதான் ஒழுகும். புதுக் குழாயின் முனையை வெந்நீரில் முக்கி, சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றுவோம். கிரீஸ் தடவுவதில்லை, சில ரப்பர்கள் அதில் ஊதிவிடும். குழாய் எங்கும் தொட்டில்போல் தொங்காமல் துளைவரை இறக்கமாகவே போகும்படி பிடி அடிப்போம். தொங்கினால் தண்ணீர் அங்கேயே நின்று நாறும்.

பம்பின் வெளிக்குழாய் மட்டும் இதற்கு நேர்மாறு. அது நீர்மட்டத்துக்கு மேலே நன்றாக ஏறி வளைந்து, வளைவின் உச்சியில் காற்றுத் துளையோடு இறங்க வேண்டும். இல்லையென்றால், வெளித்துளை முங்கிய நேரத்தில் பம்பை நிறுத்தியதும் கடல் அதே வழியாகத் திரும்பி வரும். ஒருவழி வால்வு இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். ஒரு செதில் சிக்கினால் அது திறந்தே நிற்கும்.

ஒரு குழாய் கெட்டிருந்தால் அதே வயதுள்ள மற்றவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்வோம். ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூராகச் சீவிய மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தருவோம். அதற்குக் காசு இல்லை. அவசரத்தில் துளையில் அறைய அதுதான் கைகொடுக்கும். அடுப்பெரிக்க எடுத்துவிட வேண்டாம்.

ஜூன் முதல் வாரத்தில் எல்லோரும் ஒன்றாக வந்து நிற்பது வழக்கம். குழாய் வேலை இருப்பவர்கள் மே மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் அடி சுரண்டக் கரையேற்றும் நாளுக்கு முன்தினம் சொன்னால் போதும், ஆள் அனுப்புகிறோம். நீங்களே மாற்றுவதாக இருந்தால் பழைய குழாயில் ஒரு சாண் துண்டு கொண்டுவாருங்கள். அளவு உள்விட்டத்தில்தான் எடுக்க வேண்டும். வெளிச்சுற்றை நூலால் அளந்து வந்தால் குழாய் பொருந்தாது, வெட்டிய குழாயைத் திரும்ப வாங்கவும் மாட்டோம்.

அன்புடன்,
பட்டறையினர், மண்டபம்