12 லட்சம் இருக்கட்டும், 3,500-ஐப் பற்றி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் உங்கள் வரி ஆலோசகர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று விளக்கியது சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். குறைந்த சம்பளக்காரர்கள் சம்பளத்திலிருந்து வரி என்று ஒரு பைசா கூட இந்த நாட்டில் பிடிப்பதில்லை, பாவம் நடுத்தர வர்க்கம்தான் எல்லாரையும் சுமக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாரே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பல வருடமாக உங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன், அதை அச்சுக்கு அனுப்பும் முன் உங்கள் அலுவலகத்தில் யாராவது தன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தார்களா?

தொழில் வரி என்று ஒன்று இருக்கிறது, அரையாண்டுக்கு ஒரு முறை மாநகராட்சிக்காகச் சம்பளத்தில் பிடிப்பது. உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் சம்பளத்திலும் செப்டம்பரிலும் மார்ச்சிலும் பிடிப்பார்கள். உங்களுக்கு அது கண்ணில் படாத தொகையாக இருக்கலாம். சென்னையில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250 ரூபாய், வருடத்துக்கு 2,500. அரையாண்டுக்கு 75,000 என்றால் மாதம் 12,500. நான் ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், கான்ட்ராக்ட் வேலை, கையில் 14,000. நான் கட்டுவது வருடம் 2,500. அதே கட்டடத்தில் ஏழாவது மாடியில் மாதம் 2 லட்சம் வாங்கும் மேனேஜர் கட்டுவதும் 2,500. அவர் வருமானத்தில் அது நூற்றுக்குப் பத்துப் பைசா, என் வருமானத்தில் ஒன்றரை ரூபாய். இதுவும் சம்பாத்தியத்தைப் பார்த்துப் போடும் வரிதான், நேராகச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கிறார்கள், உங்கள் ஆலோசகருக்கு மட்டும் அது வரியாகத் தெரியவில்லை.

மேனேஜரை நான் குறை சொல்லவில்லை, பார்த்தால் வணக்கம் வைக்கிற மனிதர். அவர் சம்பளத்தில் வருமான வரியும் கணிசமாகப் போகும், அதையும் மறுக்கவில்லை. நான் சொல்வது எங்கள் சம்பளத்தில் பிடிப்பதைப் பற்றி.

என் கீழே வேலை பார்க்கும் அக்காமாரில் சிலர் அரை ஷிஃப்ட், 9,500 ரூபாய். அவர்களுடைய சம்பளச் சீட்டு மங்கலான பிரிண்டில் ஒரு துண்டுக் காகிதம். அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பக்கத்தில் பி.டி., அதாவது தொழில் வரி, என்று ஒரு கட்டம் இருக்கும், ஐந்து மாதம் காலியாகவே கிடக்கும், ஆறாவது மாதம் திடீரென்று 930 என்று வந்து உட்காரும். போன முறை ஒரு அக்கா அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "அண்ணே, நான் லீவே போடலையே, எதுக்குப் புடிச்சிருக்காங்க?" என்றார். வரி என்று சொன்னேன். நம்பவில்லை. நான்தான் ஏதோ கை வைத்துவிட்டேன் என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். பிடித்ததற்கு மாநகராட்சி ரசீது கொடுங்கள் என்று கான்ட்ராக்டரிடம் கேட்டால், எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது என்பார். எந்த ஆன்லைனில், யார் பெயரில் என்று கேட்டால் போனை வைத்துவிடுவார்.

இந்த 930-க்கு ஒரு கதை இருக்கிறது, உங்கள் நிருபர்கள் அப்போது எழுதினார்களா என்று தெரியவில்லை, என் கண்ணில் படவில்லை. 2024-இல் சென்னை மாநகராட்சி தொழில் வரியை ஏறக்குறைய 35 சதவீதம் ஏற்றியது. யாருக்கு? அரையாண்டு வருமானம் 21,001 முதல் 30,000 வரை உள்ளவருக்கு 135 ரூபாய் 180 ஆனது. 45,000 வரை உள்ளவருக்கு 315 ரூபாய் 425 ஆனது. 60,000 வரை உள்ளவருக்கு 690 ரூபாய் 930 ஆனது. அதற்கு மேலே? 1,025 கட்டியவர் அதே 1,025, 1,250 கட்டியவர் அதே 1,250. அரசியல் சாசனத்தின் 276-ஆவது பிரிவு வருடத்துக்கு 2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறதாம், அதனால் மேலே இருப்பவர்களுக்கு ஏற்ற முடியாதாம், சரி, அப்படியானால் கீழே இருப்பவர்களுக்காவது ஏற்றுவோம் என்று ஏற்றிவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கும். 9,500 வாங்குகிறவருக்கு அரையாண்டுக்கு 240 ரூபாய் கூட, 2 லட்சம் வாங்குகிறவருக்குப் பூஜ்யம் கூட. இதைப் படிக்கிற யாருக்கும் சிரிப்பு வரும், பிடித்தம் நம் சீட்டில் இல்லாதவரை.

அந்த 2,500 என்ற உச்சவரம்பு 1988-இல் வந்தது, அதற்கு முன்னால் 250. வரி அடுக்குகள் 1998-இல் போட்டவை. அப்போது அரையாண்டுக்கு 21,000, அதாவது மாதம் 3,500-க்குக் கீழே வாங்கினால் தொழில் வரி இல்லை என்றார்கள். அன்றைக்கு அது நியாயமான கணக்குதான், ஐந்தாவது ஊதியக் குழுவில் மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளமே 2,550. மாதம் 12,500 என்பது அதிகாரிகள் வாங்கிய சம்பளம். இன்றைக்கு ஏழாவது ஊதியக் குழுவில் அதே கடைநிலைச் சம்பளம் 18,000. அன்றைக்கு வரியே இல்லாத இடத்தில் நின்றவர் இன்று உச்ச அடுக்கில் போய் நிற்கிறார். முழு நேரம் உழைத்துவிட்டு மாதம் 3,500-க்குக் கீழே வாங்குகிற ஒருவரை இந்த ஊரில் உங்கள் ஆலோசகர் காட்டட்டும். வருமான வரிக்கு மட்டும் இரண்டரை லட்சம், ஐந்து லட்சம், ஏழு லட்சம், பன்னிரண்டு லட்சம் என்று வரம்பு ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு முறை ஏறும்போதும் நீங்கள் அட்டைப்படத்தில் பட்டாசு வெடிக்கிறீர்கள். எங்கள் வரம்பு மட்டும் அப்படியே கிடக்கிறது.

என் மச்சான் பெங்களூருக்குப் பக்கத்தில் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் 19,000 வாங்குகிறார். அவருக்குத் தொழில் வரி கிடையாது, ஏனென்றால் கர்நாடகாவில் 2023-இலிருந்து மாதம் 25,000-க்குக் கீழே வாங்குகிறவர்களுக்கு விலக்கு. அதே ஆள் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தால் உச்ச அடுக்கு. டெல்லியில் தொழில் வரியே இல்லை. அங்கெல்லாம் குப்பை அள்ளவில்லையா, தெருவிளக்கு எரியவில்லையா?

அப்புறம், இந்த வாக்கியம் மட்டும் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். உங்கள் பட்ஜெட் சிறப்பிதழ்களை எடுத்துப் பாருங்கள், வருமான வரிக் கணக்கு எட்டுப் பக்கம், எங்களுக்கு 'பெட்டிச் செய்தி' கூட இல்லை. செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தபோது நிர்வாகச் சிக்கல் தீர்ந்தது என்று எழுதினீர்கள், 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு 30 சதவீதத்தை 22 ஆக்கியபோது முதலீடு வரும் என்று எழுதினீர்கள், எங்களைப் பற்றி எழுதும்போது மட்டும் 'இலவசம்' என்ற வார்த்தை எப்படியோ வந்துவிடுகிறது. ரீசார்ஜ் செய்தால் அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., நான் செய்தாலும் அதானே, அம்பானி செய்தாலும் அதானே.

வருமான வரி ஏழைக்குக் கிடையாது என்பதும் காகிதத்தில்தான். இதற்கு முன் நான் இருந்த கம்பெனியில் எங்களைத் தொழிலாளி என்று கணக்கில் காட்டினால் பி.எஃப். கட்ட வேண்டுமே என்று எல்லாரையும் 'ஆலோசகர்' ஆக்கி, மாதாமாதம் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி, பிடித்தார்கள். துடைப்பம் பிடித்த ஆலோசகர்கள் நாங்கள்! எனக்கு வரியே வராது, ஆனாலும் என் பணம் அரசாங்கத்திடம். அதைத் திரும்ப வாங்க ரிட்டர்ன் போட வேண்டும், ரிட்டர்ன் போட பிரவுசிங் சென்டர் பையனுக்கு 500 ரூபாய், ஆதாரில் ஒரு இனிஷியல், பான் கார்டில் வேறு இனிஷியல், அதற்குத் தனி அலைச்சல். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள். நாம் கட்ட வேண்டிய வரி தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி, அவர்கள் திருப்பித் தர வேண்டியது தாமதமானால் அரை சதவீதம். இதையும் உங்கள் ஆலோசகர் ஒரு நாள் எழுதலாம், அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

தொழில் வரியின் அந்த 2,500 உச்சவரம்பை 18,000 ஆக ஏற்றலாம் என்று 15-ஆவது நிதிக் குழுவே சொல்லிவிட்டது. ஏற்றட்டும், ஆனால் மேலே இருப்பவர்களிடம் வாங்கிக்கொண்டு, கீழே அந்த 3,500-ஐ 25,000 ஆக்கட்டும். இதையெல்லாம் உங்களால் செய்ய முடியாது, தெரியும். உங்களால் முடிந்ததைக் கேட்கிறேன். அந்த வாக்கியத்துக்கு அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். கூடவே சென்னை மாநகராட்சியின் தொழில் வரி அட்டவணையையும், கான்ட்ராக்டர் பிடித்த பணம் உண்மையில் கட்டப்பட்டதா என்று ஒரு தொழிலாளி எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன், அந்த அக்காவுக்கு என் மேல் இருக்கும் சந்தேகமாவது தீரட்டும்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன்,
அம்பத்தூர், சென்னை