விதை மூட்டைகளைச் சுமந்த பஸ்ஸுக்கு நன்றி

பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டி வட்டாரத்து உறவுகளுக்கும், எங்களோடு சேர்ந்து அல்லாடிய அனைவருக்கும் வணக்கம்.

மறுபடி விதைத்த குதிரைவாலிச் சிறுதானியம் முளைத்துவிட்டது. கடைசி ஊரிலிருந்தும் நேற்று மாலை தகவல் வந்துவிட்டது. விதைத்த காடெல்லாம் பச்சை கட்டியிருக்கிறதாம். கேட்டதும் எங்கள் திட்ட அலுவலகத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

புரட்டாசியில் விதைத்தது ஐப்பசியில் கொட்டிய மழையில் வீணாய்ப் போனது நீங்கள் அறிந்ததுதான். அதை மறுபடி கிளற மனமில்லை. மழை விட்ட பிறகு நமக்கு மிஞ்சியது மண்ணிலிருந்த ஈரம் மட்டுமே. வைகை அணை 71 அடி நிரம்பினாலும் நம் மானாவாரிக் காடுகளுக்கு அந்தத் தண்ணீர் ஏறாது. ஈரம் காய்வதற்குள் மறுவிதைப்பு முடிந்தாக வேண்டும். விதையைத் தேடிப் பிடித்துவிட்டோம். ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் வழியில்லை. மூழ்கிக் கிடந்த தரைப்பாலத்தைச் சொல்லி வண்டிக்காரர்கள் கையை விரித்தார்கள். அவர்கள் பயமும் நியாயமானதுதான்.

மூட்டைகளோடு பஸ் நிலையத்தில் நின்றபோது, "இது என்ன தங்கச்சி?" என்று கேட்டார் ஒரு நடத்துநர். விதை என்றேன். எந்தெந்த ஊருக்கு என்று விசாரித்தார். சொன்னேன். பாலம் மூழ்கியதால் தன் பஸ் சுற்றுப்பாதையில்தான் போகிறது, அந்த ஊர்களுக்குப் பிரியும் விலக்குகள் எல்லாம் வழியில் வரும், ஏற்றுங்கள் என்றார். குதிரைவாலிக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும் என்பதால்தான் இது நடந்தது. நெல்லாக இருந்திருந்தால் பஸ்ஸில் ஏற்றுவதை நினைத்தே பார்த்திருக்க முடியாது.

அன்றும் தூறல் நிற்கவில்லை. பஸ் கூரை ஓரிடத்தில் ஒழுகியது. மூட்டை நனைந்தால் விதை உள்ளேயே முளைவிட்டு வீணாகிவிடும். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூட்டைகளைத் தன் இருக்கையில் அடுக்கி, தன் மழைக்கோட்டைக் கழற்றி மேலே போர்த்திவிட்டு, வழி முழுக்க நின்றுகொண்டே டிக்கெட் போட்டார். ஒவ்வொரு விலக்கிலும் தானே இறங்கி, மூட்டையில் மையால் எழுதியிருந்த பெயரைச் சத்தமாகப் படித்து, உரியவரிடம் கொடுத்த பிறகே விசில் ஊதினார். ஓட்டுநரும் பொறுமையாக நிறுத்தினார். நேரமாகிறது என்று பயணிகளில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரண்டு அக்காமார்கள் எழுந்து நின்று, தங்கள் இடத்தையும் மூட்டைகளுக்கே விட்டுக்கொடுத்தார்கள்.

மறுநாள் அந்த நடத்துநர் என்னைத் தேடி வந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு சின்னக் கட்டைக் கையில் வைத்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் முறைப்படி போட்ட சுமை டிக்கெட்டுகள். அவசரத்தில் நான் கொடுக்காமல் விட்ட கட்டணத்தைத் தன் கைக்காசிலிருந்து கட்டியிருக்கிறார். "உங்கள் திட்டக் கணக்குக்கு வேண்டுமே" என்றார். பணத்தைக் கொடுத்ததும் எண்ணி வாங்கிக்கொண்டார். பெயரை மட்டும் எங்கும் எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணே, எழுதவில்லை. ஆனால் அந்த டிக்கெட்டுகளைத் திட்டக் கோப்பில் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வீட்டுத் தானியக் குலுக்கையிலிருந்து விதை அள்ளித் தந்த பெரியவர்கள், ஈரச் சாக்கில் நூறு நூறாக விதை பரப்பி முளைப்பை எண்ணிச் சொன்ன மகளிர் குழுச் சகோதரிகள் (75 முளைத்தால்தான் சான்று விதைத் தரம் என்பதால் குறைந்ததை அவர்களே ஒதுக்கிவிட்டார்கள்), இரவிலும் தொலைபேசியை எடுத்த வேளாண்மைத் துறை அலுவலர்கள், டிராக்டரை முன்பணம் கேட்காமல் அனுப்பியவர்கள் என எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

காலநிலை மாற்றத்துக்கு வேளாண்மையைத் தகவமைக்கும் திட்டம் என்றால் ரகம், பயிர்க்காப்பீடு, பண்ணைக்குட்டை, வானிலை அறிக்கை என்று பட்டியலிடுவோம். எல்லாம் தேவைதான். வறட்சியையும் ஓரளவு நீர் தேங்குவதையும் தாங்கும் குதிரைவாலியில் 'மதுரை 1' என்ற ரகத்தையே நம் மதுரை வேளாண்மைக் கல்லூரி தந்திருக்கிறது. ஆனால் நல்ல ரகமும் ஈரம் இருக்கும் நாளில் காட்டுக்கு வந்து சேர்ந்தால்தான் பயிராகும். அந்தக் கடைசி சில மைல்களை எந்தத் துறையின் பொறுப்பில் எழுதுவது என்று இனி யோசிக்கக் கூடாது. அடுத்த ஆடி பிறப்பதற்குள் ஒவ்வொரு ஊரிலும் மறுவிதைப்புக்கான விதையை அந்த ஊரிலேயே சேமித்து வைத்துவிட வேண்டும். அதை முடிக்காமல் நான் ஓயப் போவதில்லை. இடம் தர முன்வந்துள்ள ஊர்கள் இந்த வாரமே சொல்லிவிட்டால் நல்லது.

அண்ணே, மாசியில் கதிர் அறுப்போம். நீங்களும் ஓட்டுநர் அண்ணனும் குடும்பத்தோடு களத்துக்கு வந்து, எங்களோடு குதிரைவாலிச் சோறு சாப்பிட வேண்டும். தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
திட்ட ஒருங்கிணைப்பாளர்