கூடைப்பந்துக் கழகம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவருக்கும் பொருளாளருக்கும், நாற்காலி பத்தாமல் காம்பவுண்டுத் திண்டில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க. போன வருடம் பதினோரு பக்கம் வாசித்துப் பாதிப் பேரைத் தூங்க வைத்துவிட்டேன் என்று புகார் வந்தது. அதனால் வழக்கமான சமாச்சாரங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன்.

கோடைப் பயிற்சி முகாம் நடந்தது, வெயில் தாங்காமல் காலை ஆறிலிருந்து எட்டு மணி வரைக்கும் மட்டும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார், வாசிக்கவில்லை, அவரவர்க்குத் தெரியும். வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். மாரியம்மன் நோம்பிக்கு எப்போதும்போல மைதானத்தை விட்டுக் கொடுத்தோம். தூரி (ராட்டினம்) போட்டவர்கள் சிமெண்டுத் தரையில் போல்ட் இறக்கிய நாலு ஓட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், நோம்பிக் கமிட்டியில் கேட்டால் "அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்கிறார்கள். அந்த ஓட்டைகள் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று சாமிக்குத்தான் தெரியும். கிழக்குப் பக்க ரிங் பொடிசுகள் தொங்கித் தொங்கி இரண்டு விரக்கடை இறங்கியிருந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற நம் உறுப்பினர் காசு வாங்காமல் தூக்கி நிறுத்தி, டேப் வைத்து 3.05 மீட்டர் சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டுத்தான் இறங்கினார். அவருக்கு நன்றி.

சரி, எல்லாரும் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். நம்ம பையன் லீக்கில் ஆடிவிட்டான். பெயரை இதில் எழுதவில்லை, "பேர் போட்டறாதீங்ண்ணா" என்று அவனே போனில் சொன்னான். காரணம் அந்த ஃப்ளெக்ஸ். பேருந்து நிறுத்தத்தில் நாம் வைத்த ஃப்ளெக்ஸில் நிர்வாகிகள் ஒன்பது பேர் முழங்கை வரைக்கும் தெரிய, பையன் கீழ் மூலையில் ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு இருந்தான். அதில் நானும் ஒருவன் என்பதால் மேலே பேசவில்லை.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நம் நாட்டில் கூடைப்பந்துக்குக் காசு கொடுத்து ஆட வைக்கிற லீக் என்பது புதுசு. 2015இல் யு.பி.ஏ. என்று ஒன்று வந்தது, சில சீசன் ஓடி நின்றுபோனது. அப்புறம் 2022இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே ஐ.என்.பி.எல். ஆரம்பித்தது, ஆறு நகரங்களின் அணிகள், முதல் கோப்பையைச் சென்னை அணிதான் தூக்கியது. வெளிநாட்டுக்காரர்களும் வந்து ஆடுகிறார்கள். ஆனால் இதை ஐ.பி.எல். கிரிக்கெட் மாதிரி நினைத்துக்கொண்டு பையன் வீட்டுக்குக் கைமாற்றுக் கேட்டுப் போன இரண்டு பேர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். சீசன் நடக்கிற வரைக்கும்தான் சம்பளம். மீதி மாதங்களுக்கு அவனும் மற்ற ஆட்டக்காரர்கள் மாதிரி ரயில்வேயிலோ பேங்கிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், மாநில அரசு வேலையில் உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் எழுதிப் போட்டிருக்கிறான். அவன் அப்பா இன்னும் தறிக் கூலிதான், அம்மா திருப்பூரில் செக்கிங் வேலைக்குத்தான் பஸ் ஏறுகிறார்.

இப்போது பல பேர் "நம்ம கழகம் உருவாக்கிய வீரர்" என்று பேசுகிறீர்கள். நான் செயலாளர், அதோடு அவனுக்கு முதல் பந்தைக் கையில் கொடுத்தவன். அந்த உரிமையில் சொல்கிறேன், அவன் மேலே போனதில் பாதி தூரம் நாம் சொல்லிக் கொடுத்ததை மறப்பதற்கே சரியாகப் போயிற்று.

2014இல் ஆறாவது படிக்கும்போது வந்தான். எட்டாவதில் ஐந்தடி ஒன்பது அங்குலம். பல்லடம் பக்கத்தில் எட்டாவது படிக்கிற பையன் அந்த உயரத்தில் கிடைத்தால் எந்தக் கோச்சாக இருந்தாலும் என்ன செய்வான்? நானும் அதையேதான் செய்தேன். ரிங்குக்குக் கீழே நிறுத்தினேன். "கண்ணு, நீ பந்தைத் தரையில தட்டவே வேண்டாம், கையைத் தூக்கிட்டு நில்லு, நாங்க குடுப்போம், நீ போடு." அவனும் போட்டான். குறுவட்டப் போட்டியில் அவனைவிட உயரமான பையனே இல்லை, அப்புறம் மாவட்டம், அங்கும் ஜெயித்தோம். 2017இல் நாம் வாங்கிய அந்தப் பெரிய கோப்பை, இப்போது அலமாரியில் பல்லி முட்டையிட்டு வைத்திருக்கிறதே, அதுதான். அந்த டோர்னமெண்ட் முழுக்க அவன் பந்தைத் தட்டிக்கொண்டு பாதி மைதானத்தைத் தாண்டியது எத்தனை முறை என்று கேட்டால், ஒன்றுகூட எனக்கு ஞாபகத்தில் இல்லை.

பையனும் வளருவதை நிறுத்தினான். பதினாறு வயதில் ஆறடி ஒரு அங்குலம், அதோடு சரி. நம் ஊருக்கு அது உயரம்தான், பனியன் கம்பெனி வாசலில் குனிந்துதான் போவான். ஆனால் 2019இல் மாநில ஜூனியர் தேர்வுக்குக் கூட்டிப் போனபோது வரிசையில் நின்ற சென்டர் பையன்கள், அதாவது ரிங்குக்குக் கீழே ஆடுகிறவர்கள், ஆறரை அடிக்குக் குறைவில்லை. இவனை அவர்களோடு நிறுத்தினால் பந்து தலைக்கு மேலேயே போய்விட்டு வருகிறது. சரி, கார்டாக, அதாவது பந்தைத் தட்டிக் கொண்டு போய்ப் பாஸ் கொடுக்கிற ஆளாக, ஆடிக் காட்டு என்றார்கள். இடது கையில் பந்தைத் தட்டச் சொன்னார்கள். மூன்றாவது தட்டில் பந்து காலில் பட்டு வெளியே ஓடியது. அதை எடுக்க அவன் ஓடினான் பாருங்கள், அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்துக் காட்டு என்றார்கள், அஞ்சு பந்து அடித்தான், நாலு ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது.

திரும்பி வரும் பஸ்ஸில் சூலூர் வரைக்கும் பேசவில்லை. அப்புறம் "அண்ணா, நம்ம கோடு எத்தனை மீட்டருங்க?" என்றான். நான் மழுப்பினேன். மறுநாள் காலையில் தறிப் பட்டறையிலிருந்து டேப் எடுத்து வந்து ரிங்குக்கு நேர் கீழேயிருந்து அளந்து பார்த்துவிட்டு, "நம்ம கோடு பொய் சொல்லுதுங்ண்ணா" என்றான். 6.25. மூன்று பாயிண்ட் கோட்டை 6.75க்குத் தள்ளி 2010லேயே மாற்றிவிட்டார்கள். ரிங்குக்குக் கீழே பாவாடை மாதிரி விரிந்திருந்த கட்டத்தையும் 4.9 மீட்டர் அகலத்துக்கு நேர்ச் செவ்வகமாக்கியதும் அதே வருடம்தான். நமக்குத் தெரியாமல் இல்லை. பெயிண்டுக்கு யார் காசு போடுவது என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் ஒத்திவைத்தோம், தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அந்த அரை மீட்டர் குறைவான கோட்டில்தான் அவன் தோள் பழகியிருந்தது.

அடுத்தது 2020. ஊரடங்கில் தறி எல்லாம் நின்றுபோயிற்று. பிறந்ததிலிருந்து ராத்திரி பகல் அந்தச் சத்தத்திலேயே தூங்குகிற ஊர் இது, சத்தம் இல்லாமல்தான் எங்களுக்கெல்லாம் தூக்கம் போயிற்று. மைதானம் பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாள் காலை அஞ்சு மணிக்குப் பக்கத்து வீதியில் டப் டப் என்று கேட்கிறது. போய்ப் பார்த்தால், பாவு வண்டி நிறுத்துகிற சிமெண்டு வாசலில் இவன். வலது கையைப் பனியனுக்குள்ளே விட்டுக்கொண்டு இடது கையில் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறான். கை தன்னை அறியாமல் வெளியே வந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லி பனியனின் வலது கைப்பக்கத்தை ஊசி நூலால் தைத்தே வாங்கியிருந்தான். போகும்போது இடது கை, வரும்போதும் இடது கை, தரையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு நோட்டீஸை வாய்விட்டுப் படித்துக்கொண்டே. ஏன் படிக்கிறாய் என்று கேட்டேன். "தலை குனிஞ்சா பாஸ் யாருக்குப் போடறதுன்னு தெரியாதுங்ளே." விசேஷ் பிருகுவன்ஷியின் ஆட்டத்தை போனில் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டதாம். வாரணாசிக்காரர், 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணி ஒப்பந்தம் செய்த நம் ஆள். நம்ம பையன்கள் பெரும்பாலும் அமெரிக்க லீக்கான என்.பி.ஏ. வீடியோ பார்த்து டங்க் அடிக்கத்தான் ஆசைப்படுவார்கள், இவன் பிருகுவன்ஷி கால் எங்கே வைக்கிறார் என்று பார்த்திருக்கிறான்.

மூன்று மாதம் அந்த வாசல்தான். நம் உறுப்பினர் ஒருவர் கறிக்கோழிப் பண்ணையிலிருந்து ஞாயிறு தவறாமல் அனுப்பி வைத்தார். பல்லடத்தில் கோழிக்கு என்ன பஞ்சம் என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் விலை கவிழ்ந்து பண்ணைக்காரர்களே அழுதுகொண்டிருந்த நேரம் அது. கழகக் கணக்கில் அந்த வருடம் அவனுக்காகச் செலவானது பஸ் காசும் ஆண்கள் ஆடுகிற ஏழாம் நம்பர் பந்து ஒன்றும். வேறு எதுவும் இல்லை.

கோவையில் கல்லூரியில் இடம் கிடைத்ததும் அங்கே கார்டாகவே எடுத்துக்கொண்டார்கள். முதல் வருடம் முழுக்கப் பெஞ்சு. வ.உ.சி. பூங்கா பக்கம் மாநகராட்சிக் கூடைப்பந்து அரங்கில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை நடக்கும்போது ஒவ்வொரு ராத்திரியும் கேலரியில் உட்கார்ந்து பேங்க் அணி, ராணுவ அணி கார்டுகள் ரிங்கை நோக்கி அடிக்கக் கிடைக்கிற 24 வினாடியை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறான், அந்த நோட்டை நான் பார்த்தேன். வட்டம், அம்பு, பக்கத்தில் வினாடி. ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை அடித்த அணியே ரீபவுண்ட் எடுத்தால் கடிகாரம் 14க்குத்தான் திரும்பும் என்பதற்கு மட்டும் தனிப் பக்கம். கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுப் போட்டிக்கு அவன் அணியில் போனபோது நாங்கள் ஏழு பேர் வேன் வைத்துப் போனோம். நாலாவது கால்பகுதியில் இறங்கினான். எதிரே வந்தவன் ஆறடி அஞ்சு. வலது பக்கம் போகிற மாதிரி தோளைக் காட்டிவிட்டு இடது கையில் பந்தை மாற்றி உள்ளே புகுந்து இடது கையாலேயே லே-அப், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் எம்பிப் பந்தை ஏற்றிவிடுவது, போட்டான். இரண்டே பாயிண்ட். அந்த மேட்சில் தோற்றார்கள். வேனில் திரும்பும்போது யாரும் தோற்றதைப் பற்றிப் பேசவில்லை.

லீக்குக்குத் தேர்வானதையும் அங்கே ஆடியதையும் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, எல்லாரும் போனில் பார்த்தீர்கள், வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு பாஸுக்கும் கை தட்டினீர்கள். முதல் அஞ்சு பேரில் அவன் இல்லை, மாற்று ஆள்தான். அதை மறைத்துப் பேச வேண்டாம். பஞ்சாப்காரர் சத்னம் சிங்கை 2015இல் என்.பி.ஏ. ஆள் எடுப்பில் டல்லாஸ் அணி 52ஆவது ஆளாக எடுத்தது, ஏழடிக்கு மேல் உயரம், அவருக்கே என்.பி.ஏ.வில் ஒரு மேட்ச் ஆடக் கிடைக்கவில்லை. நம்மவன் ஆறடி ஒன்றில் இங்கே களத்தில் நிற்கிறான், அதற்கே அவன் பட்டது நமக்குத் தெரியும்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம், இப்போது சாயந்திரப் பயிற்சிக்கு வருகிற கூட்டத்தில் ஏழாவது படிக்கிற ஒரு பையன் இருக்கிறான், ஐந்தடி எட்டு. போன மாதம் நம் உதவிக் கோச் அவனை ரிங்குக்குக் கீழே நிறுத்தியதைப் பார்த்தேன். அடுத்த மாதம் டோர்னமெண்ட் இருக்கிறது, ஜெயிக்க வேண்டாமா என்று கேட்கிறார். அவர் கேட்பது எனக்குப் புரிகிறது, 2017இல் நான் கேட்டது அதுதான். இருந்தாலும் செயலாளர் என்ற முறையில் ஒரு தீர்மானம் வைக்கிறேன்: பதினான்கு வயது வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் நிலையான இடம் கிடையாது, உயரமோ குட்டையோ எல்லாரும் இரண்டு கையிலும் பந்து கொண்டு போக வேண்டும், பொடிசுகளுக்குச் சின்ன அளவான ஐந்தாம் நம்பர் பந்து வாங்க வேண்டும். இதனால் இரண்டு மூன்று வருடம் கோப்பை வராது. அலமாரியில் இடமும் இல்லை.

பெண் பிள்ளைகள் பக்கம் சுருக்கமாக. கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாம் ஸ்வீட் கொடுத்தோம், ஆனால் நம் மைதானத்தில் ஆடுகிற ஐந்து பெண் பிள்ளைகளும் ஆறு மணிக்கு இருட்டியதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், காரணம் மேற்குக் கம்பத்தில் லைட் எரியவில்லை. பெண்கள் ஆடுகிற ஆறாம் நம்பர் பந்தும் ஒன்றுதான், அதுவும் காற்று நிற்கவில்லை. லைட்டை இந்த மாதத்துக்குள் போட்டே ஆக வேண்டும், இதை ஒத்திவைத்தால் தீர்மானப் புத்தகத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பத்தாவது வந்ததும் பந்தைப் பரணில் போட்டுவிட்டு ஹாஸ்டல் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்த வருடமும் நாலு பேர் போய்விட்டார்கள். யோசனை இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள்.

கடைசியாக, கோடு. சீசன் முடிந்து ஊருக்கு வந்தவன் பெயிண்ட் டப்பா நாலும், மாஸ்கிங் டேப்பும், அளவு எழுதிய காகிதமும் அலுவலக அறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். 6.75, மூலையில் பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர், எல்லாம் அவன் கையெழுத்தில். காசு தருகிறோம் என்றதற்கு வாங்கவில்லை. வரும் ஞாயிறு காலை அஞ்சரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். பிரஷ் பத்தாது, வீட்டில் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். தூரிக்காரர்கள் விட்டுப்போன நாலு ஓட்டையை சனிக்கிழமையே அடைத்தாக வேண்டும், கொத்தனார் வேலை தெரிந்தவர் கையைத் தூக்குங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்