பஃபலோவில் எத்தனை பேர்? எல்லையைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நடுத்தர நகரங்கள் பற்றிய உங்கள் கட்டுரை, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் 2.78 லட்சம் பேர் வாழ்வதாக ஓரிடத்தில் சொல்கிறது. இன்னோரிடத்தில் 11 லட்சத்துக்கும் மேல் என்கிறது. இரண்டு எண்களும் சரிதான். எது எதற்கு உரியது என்று சொல்லாமல் விட்டதால், ‘சுருங்கிக்கொண்டே போகும் ஊர்’ என்ற முடிவு பிழையாகிவிட்டது.

2020 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் 2,78,349 பேர். ஈரி, நயாகரா ஆகிய இரு கவுண்டிகளையும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) முழுதாகச் சேர்த்த பெருநகரப் பகுதியில் 11,66,902 பேர். அங்கே பெருநகரப் பகுதியைக் கவுண்டி கவுண்டியாகத்தான் வரையறுப்பார்கள். அதனால் நயாகரா கவுண்டியின் ஆப்பிள் தோட்டங்களும் அதற்குள் அடங்கும். மாநகர எல்லையோ 1853க்குப் பிறகு விரியவில்லை. இதை மறந்துவிட்டுப் பழைய எண்களைப் படித்தால் தடுமாற்றம்தான். மாநகரில் 1950இல் 5,80,132 பேர், 1970இல் 4,62,768 பேர். ஊரே காலியானது போலத் தோன்றும். ஆனால் அதே இருபது ஆண்டுகளில் பெருநகரப் பகுதி வளர்ந்து 13 லட்சத்தைத் தாண்டியது. சீக்டவாகா, ஆம்ஹர்ஸ்ட், டோனவாண்டா என்று எல்லைக்கு வெளியே வீடுகள் எழும்பின. சனம் அங்கே குடிபோனது. மொத்தப் பகுதிக்கும் இழப்பு வந்தது அதற்குப் பிறகுதான், உருக்காலைகள் மூடிய காலத்தில். 2010இல் மாநகரம் 2,61,310 வரை இறங்கியது. பிறகு ஏறியது. எழுபது ஆண்டுகளில் அதுவே முதல் ஏற்றம். கட்டுரை தவறவிட்டது இதைத்தான்.

ஏற்றத்துக்குக் காரணமானவர்களில் வங்காளதேசத்தவர் முக்கியமானவர்கள். நியூயார்க் நகரின் வாடகை தாங்காமல், பஃபலோவின் ஈஸ்ட் சைடில் பாழடைந்து கிடந்த மர வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்துக் குடியேறினார்கள். போலிஷ் கத்தோலிக்கர் கட்டிய தேவாலயங்கள் சில இன்று பள்ளிவாசல்கள். அதே வட்டாரத்தில் உள்ள பிராட்வே மார்க்கெட்டில், ஈஸ்டர் வாரத்தில் ஆட்டுக்குட்டி வடிவில் வார்த்த வெண்ணெய் வாங்கப் புறநகர்களிலிருந்து போலிஷ் குடும்பங்கள் வரிசையில் நிற்கும். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்களின் கணக்கில் இல்லை. வங்காளதேசத்தவரில் பலர் மாநிலத்துக்குள்ளேயே இடம் மாறியவர்கள் என்பதால், ‘வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்தோர்’ பட்டியலைப் பார்த்தால் அவர்கள் தென்படமாட்டார்கள். அகதிகள் எண்ணிக்கையிலும் இல்லை.

வெஸ்ட் சைடில் குடியேறிய கரேன் மக்கள் விஷயத்தில் வேறு சிக்கல். பர்மாவைச் சேர்ந்த இந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தாய்லாந்து முகாம்களில் பிறந்தவர்கள். பிறந்த நாட்டை மட்டும் வைத்து எண்ணினால் தாய்லாந்துக்காரர் ஆகிவிடுவார்கள். நேபாள முகாம்களில் பிறந்த பூட்டானியப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். ஆகவே பிறந்த நாடு, பூர்விகம், வீட்டில் பேசும் மொழி ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இவர்களையும் ஆம்ஹர்ஸ்டில் வாழும் இந்தியப் பேராசிரியர்களையும் ‘ஆசியர்’ என்று ஒன்றாக்கிச் சராசரி வருமானம் போட்டிருக்கிறீர்கள். அந்த எண் இவர்களில் யாருடைய வாழ்க்கையையும் காட்டாது.

தமிழர் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிய வாசகருக்கு, ‘இந்தியர்’ எண்ணிக்கையிலிருந்து ஊகித்துப் பதில் தந்திருக்கிறீர்கள். ஊகம் தேவையில்லை. பத்தாண்டுக் கணக்கெடுப்பில் மொழிக் கேள்வி கிடையாது. ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குப் போகும் அமெரிக்கச் சமூக ஆய்வில் உண்டு. அதன் விரிவான மொழிப் பட்டியலில் தமிழுக்குத் தனி வரிசை இருக்கிறது. சிறிய சமூகங்களுக்கு ஓராண்டு எண்ணை விட்டுவிட்டு ஐந்தாண்டுத் தொகுப்பை எடுங்கள். பக்கத்தில் இருக்கும் பிழை வரம்பையும் அச்சிடுங்கள். உதாரணத்துக்கு, 400 என்ற எண்ணின் அருகே ±250 என்றிருந்தால், உண்மை 150க்கும் 650க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அடுத்த தொகுப்பில் 550 வந்தால் ‘தமிழர் பெருகிவிட்டார்கள்’ என்று தலைப்பு போட முடியாது.

மாநகர மொத்தம் ஏறிவிட்டது என்பதால் எல்லாத் தெருக்களும் எழுந்துவிட்டதாகவும் எண்ணக் கூடாது. மெயின் ஸ்ட்ரீட்டுக்குக் கிழக்கே கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பிரிவினை இன்றும் அப்படியே இருக்கிறது. மரங்கள் அடர்ந்த ஹம்போல்ட் பார்க்வேயைத் தோண்டிப் பள்ளமாக்கிப் போட்ட கென்சிங்டன் விரைவுச்சாலை அவர்களின் குடியிருப்புகளை நடுவே பிளந்தது. இந்தப் பகுதியைப் பற்றி எழுத மாநகரச் சராசரி உதவாது. சில ஆயிரம் பேர் கொண்ட கணக்கெடுப்பு வட்டார அளவுக்கு இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பஃபலோவின் தெற்கு எல்லையை ஒட்டிய லாக்கவானா. உருக்காலை வேலைக்கு வந்த யேமன் குடும்பங்கள் ஊன்றிய ஊர் அது. கணக்கெடுப்புப் படிவத்தில் அரபு நாட்டவருக்கென்று தனிப் பெட்டி இல்லாததால், 2020 வரை அவர்கள் ‘வெள்ளையர்’ கணக்கிலேயே சேர்க்கப்பட்டார்கள். 2024 மார்ச்சில் திருத்திய விதி மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்க மக்களுக்குத் தனிப் பிரிவு தருகிறது. அது நடைமுறைக்கு வந்தால் அடுத்த கணக்கெடுப்பில் லாக்கவானாவின் வெள்ளையர் எண்ணிக்கை சட்டென்று குறையும். அப்போது யாரும் ஊரைவிட்டுப் போயிருக்க மாட்டார்கள், பெட்டி மாறியிருக்கும். உங்கள் அட்டவணையின் கீழ் அதை ஒரு வரியாக இப்போதே சேர்க்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்