பாட்டிக்கு, எட்டு மாதம் தாமதமாக

அன்புள்ள தோழி 'பாட்டி'க்கு,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை, உடம்பு என்று எதையாவது சொல்லலாம், நீ நம்பப் போவதில்லை. உண்மையையே சொல்லிவிடுகிறேன். "இனிமேல் புதுசா என்னடி இருக்கு, தெரிஞ்சதை வச்சு ரிடையர் ஆகிறவரை ஓட்டிடலாம்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு "சரியாத்தான் சொல்றா" என்று மடித்து வைத்துவிட்டேன். சரி என்று பட்டதற்கு என்ன பதில் எழுதுவது?

இப்போது சரியில்லை என்று படுகிறது. அதற்குத்தான் இந்தக் கடிதம். பெரியவள் நலம். சின்னவன் மனோதத்துவம் படிக்கிறேன் என்று எங்கள் எல்லோரையும் படித்துக்கொண்டிருக்கிறான். என் முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. நலம் விசாரிப்பு முடிந்தது.

நம் பழைய மூத்த டிராஃப்ட்ஸ்மேன் கண்ணாடி சார் போன மாதம் என் வாய் வழியாகப் பேசினார்.

ஆபீஸில் மீட்டிங். அடுத்த ஜனவரியிலிருந்து தனித்தனி பிளான், தனித்தனி செக்‌ஷன் என்று வரைவது கிடையாது, கட்டடத்தையே முழு மாடலாகக் கணினிக்குள் கட்டி அதிலிருந்துதான் டிராயிங் எடுக்க வேண்டும் என்றார் புது மேனேஜர். நான் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாச்சு. கோடு போடத் தெரியாதவங்களுக்குத்தான் இதெல்லாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் முதுகில் சில்லென்று ஏறியது. 1993, ஆபீஸுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த அன்று, ஒரு வார்த்தை மாறாமல் கண்ணாடி சார் சொன்னது இதைத்தானே! கையைக் கட்டிக்கொண்டு நின்றதுகூட அப்படியே. பின்னால் நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். "மின்சாரம் போனா உன் படம் எங்கடா போகும்?" என்றும் கேட்டார். அன்று சாயங்காலமே போனது. அந்த மனுஷனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம்!

அவரைக் கேலி செய்ய எழுதவில்லை. அவர் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. டிரேசிங் தாளில் தப்பாக விழுந்த மைக்கோட்டைப் பாதி பிளேடால் சுரண்டுவாரே, ஞாபகம் இருக்கிறதா? தாள் நோகாமல், மை மட்டும் பொடியாக உதிரும். ஊதிவிட்டு, சுரண்டிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளப்பாக்குவார். தேய்க்காமல் மேலே கோடு போட்டால் மை முடிமுடியாகப் பரவிவிடும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். உனக்கு ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது மைப்புட்டிக்குத் தெரியும்.

அப்பேர்ப்பட்ட கை கடைசி நாலு வருஷம் ரெக்கார்டு அறையில் சுருள் எண்ணியது. யாரும் அவரைத் தள்ளவில்லை. அவராகத்தான் போய் உட்கார்ந்தார்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணினியில் படம் வரைகிற ஆட்டோகேட் மென்பொருள் வந்தது 1982இல். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது அதற்குப் பதினொரு வயது. நான் இப்போது முறைத்துக்கொண்டிருக்கிற, முழு மாடல் கட்டுகிற ரெவிட் மென்பொருள் 2000லேயே வந்துவிட்டது. ஆக அவருக்குக் கிடைத்தது பதினொரு வருஷம், எனக்குக் கால் நூற்றாண்டு. இன்னொன்று கேள். 1993இல் அவருக்கு நாற்பத்தாறு வயது. நாம் "கிழம்" என்று சொன்னோமே, அந்தக் கிழம் இன்றைய என்னைவிட ஆறு வயது சின்னது.

இதற்கு நடுவில் ஆபீஸில் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வேறு வைத்தார்கள். "ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?" கையில் கத்தரிக்கோல், பசை, பழைய பத்திரிகைகள். கனவை வெட்டி ஒட்டணுமாம். நான் ஒரு மலையை வெட்டி ஒட்டினேன், ஏன் என்று எனக்கே தெரியாது. என் முழங்காலுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்? ஃபிலிம் விற்ற கோடாக் கம்பெனியின் கதையும் வந்தது. 1975லேயே அவர்கள் ஆளே டிஜிட்டல் கேமராவைச் செய்தார், 2012இல் கம்பெனி திவால் மனு கொடுத்தது, இத்யாதி. எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கோ யாரோ கவிழ்ந்த கதைக்குத் தலையாட்டுவது சுலபம்.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். சின்னவன் இந்த ஒரு தடவை உருப்படியாகப் பேசினான். கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர், படிப்பை முடித்து வேலை தேடுகிறவர்களைக் கவனித்தாராம். நல்ல வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கடி இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவாக விண்ணப்பம் போட்டார்கள், அவர்களுக்குக் கிடைத்த வேலையும் சம்பளமும்கூடக் குறைவுதானாம். பாதி வழி போய்விட்ட மாதிரி மனசு ஓய்வெடுத்துக்கொள்கிறது போல. விரும்புவதை நினைத்த கையோடு, நமக்குள்ளேயே எது தடுக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் கட்சி.

சரி என்று ஒரு தாளை எடுத்தேன். "மாடலில் வேலை செய்யத் தெரிய வேண்டும்" என்று எழுதினேன். எது தடுக்கிறது? நேரமில்லை என்று எழுதினேன். அடித்தேன். கண் வலிக்கிறது என்று எழுதினேன். அதையும் அடித்தேன். மூன்றாவதாக எழுதியது உனக்கு மட்டும்: "பக்கத்து சீட்டில் இருக்கிற இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் 'எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடு' என்று கேட்க வெட்கமாக இருக்கிறது." அவ்வளவுதான் பாட்டி. இருபத்தைந்து வருஷமாக நான் மென்பொருளை எதிர்க்கவில்லை, இந்த ஒரு வாக்கியத்தைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சின்னவன் விடவில்லை. என் போட்டோவை எழுபது வயதாக்கிக் காட்டினான். 2011இல் வந்த ஓர் ஆய்வில் இப்படி வயதான தங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் ஓய்வுக்காலத்துக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கினார்களாம். எனக்குப் பணம் தோன்றவில்லை. அம்மா மாதிரி இருந்தேன். அந்த முகத்தைப் பார்த்து, "உனக்கு நான் ரெக்கார்டு அறையைத்தான் விட்டுவைக்கிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு அந்த இருபத்தாறு வயதுப் பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். மூன்று வாரம் ஆகிறது. முதல் மாடிப்படி கூரையைப் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போனது. அவள் குனிந்துகொண்டு சிரித்தாள், நாம் அன்றைக்குச் சிரித்த மாதிரியேதான். ஆனால் ஒரு தளத்தை அரையடி உயர்த்தினால் பிளான், செக்‌ஷன், எலிவேஷன், கதவுப் பட்டியல் எல்லாம் தானாக மாறுகிறது பார், எனக்குக் கோபமே வந்துவிட்டது. எத்தனை ராத்திரி இதைக் கையால் தேடித்தேடித் திருத்தியிருக்கிறோம்! அவளுக்கும் என்னிடம் வேலை இருக்கிறது. உத்தரம் ஓடுகிற இடத்தில் படிக்கட்டில் தலை இடிக்கும் என்பதை மாடல் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?" என்கிறாள்.

இப்போது உன் விஷயம். பத்தொன்பது வயதில் ரிடையர்மென்ட் கணக்குப் போட்டவள் நீ. அதற்குத்தானே இந்தப் பட்டமே. அந்தப் பாட்டி "இனிமேல் என்ன இருக்கு" என்று எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது, விளையாடவில்லை. 2013இல் பத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்: பத்து வருஷத்தில் எவ்வளவு மாறினீர்கள், இனி எவ்வளவு மாறுவீர்கள் என்று. எல்லா வயதுக்காரர்களும் இதுவரை நிறைய மாறிவிட்டேன், இனிமேல் பெரிதாக மாறமாட்டேன் என்ற பக்கமே சாய்ந்தார்களாம். நீ எழுதியதும் அதுதானே? அந்த வரிக்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா? அந்தப் புது டிபார்ட்மென்ட்டுக்கு உன் பெயரைக் கேட்டார்கள் என்று ஒரே ஒரு வரி எழுதி, உடனே பேச்சை மாற்றியிருந்தாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? என்ன பதில் சொன்னாய்? அதை முழுசாக எழுது. வெட்கப்படுகிற பாகத்தை முதலில் எழுது, நான் எழுதிக் காட்டிவிட்டேன்.

மாடிப்படி படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சிரித்துத் தொலை.

உன்
குண்டூசி

பி.கு: மைக்கோடு போடுகிற என் ராட்ரிங் பேனா செட்டை நீ வாங்கிப் போய் முப்பது வருஷம் ஆகிறது. 0.2 மி.மீ. பேனாவை மட்டுமாவது திருப்பிக் கொடு. குலுக்கினால் உள்ளே டக்டக்கென்று கேட்குமே, அந்தச் சத்தத்தை அந்தப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும்.